அம்பாஸிடரும் அரிவாள்மனையும்

துரு என்றதும் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது அரிவாள்மனைதான். ராத்திரி கழுவி ஈரத்தோடு சாய்த்து வைத்தால், காலையில் செம்மண் பூசின மாதிரி ஒரு கறை. அப்புறம் தோசைக்கல். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் நடுவில் பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். இதற்கெல்லாம் நமக்கு யாரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை. புளி போட்டுத் தேய்ப்போம், துடைப்போம், அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்குவோம், ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைப்போம். ஆனால் வாசலில் நிற்கிற கார் துருப்பிடித்தால் மட்டும், "அது ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டு அம்பாஸிடர் விஷயத்தில் என்னால் அப்படிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கைக்குழந்தையோடும் மசக்கையோடும் பழைய காரில் போய்வருகிற பெண்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும்.

எங்களுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம். எங்கள் பக்கத்தில் அதைப் 'புது ஆறு' என்போம். மாமனார் 1983-ல் வாங்கிய வண்டி அது. பெட்ரோல் வண்டி, வெள்ளை நிறம். மூன்று வருஷம் கழித்து நான் மணப்பெண்ணாக வந்து இறங்கியதும் அதிலிருந்துதான். எங்கள் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்காவது இடுப்புவலி கண்டால் முதலில் தட்டுவது எங்கள் வீட்டுக் கதவைத்தான். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது என்று மாமாவே கணக்கு வைத்திருக்கவில்லை. நடுவழியில் பிறந்த பிள்ளைகள் இரண்டு!

இந்த மாதிரிக் கௌரவமான வேலைகள் போக, எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவர்கள் அதை என்ன பாடு படுத்துவார்கள் என்று தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். டிக்கியில் விதைநெல், யூரியா, பொட்டாஷ் மூட்டை. வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஏறுகிற ஆட்கள். களத்துமேட்டுப் பக்கத்தில் நிறுத்தினால் பதரும் தூசியும் கதவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. போதாததற்கு 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல். அன்றைக்கு எங்கள் தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்தன. கார் கொட்டகையும் அதன்மேல் விழுந்தது. நனைந்த கீற்றும் மட்டையும் குவிந்து கிடக்க, பன்னிரண்டு நாள் அந்த வண்டியை யாரும் தொடவில்லை. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, காரை யார் பார்ப்பது?

2019 தை மாதம் என் கணவர் அதை ஒரு பெயிண்டரிடம் விட்டார். பெயர் வேண்டாம். "எல்லாம் பளபளன்னு ஆக்கித் தரேங்க"ன்னார். ஆக்கியும் தந்தார். வீட்டுக்கு வந்தபோது புதுக் கார் மாதிரிதான் இருந்தது. ஆவணியில் கதவின் அடியில் வேர்க்குரு மாதிரி நாலைந்து புள்ளி. புரட்டாசியில் அவை கொப்புளமாயின. நகத்தால் கீறினால் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. உள்ளே இரும்பைக் காணோம்! கனமாகப் பட்டி. அதற்குக் கீழே துருத்தூள்.

என் பேரனின் விளையாட்டுச் சாமான்களில் ஒரு காந்தம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். நல்ல தகரத்தில் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் நழுவி விழும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி விரல் முட்டியால் தட்டியும் பார்த்தேன். தகரம் கணீரென்று பேசுகிறது, பட்டி 'பொத்'தென்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். காசு செலவில்லாத பரீட்சை இது.

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட விஷயம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இவர் சொன்னார். அந்த ஐப்பசியில் என் மகள் இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாசமாக வந்திருந்தாள், நாலு வயசுப் பையனோடு. பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்கு அவளைக் கூட்டிப்போவோம். முக்கால் மணி நேரப் பயணம். பின் சீட்டில் அவளும் பையனும். இரண்டு தடவையும் பாதி வழியில் பையன், "அம்மாச்சி, தலை வலிக்குது" என்று முனகினான். ஊர் சேருவதற்குள் வாந்தி. மகளுக்கும் தலை கிர்ரென்று சுற்றல், முகம் வெளுத்துப்போயிற்று. பித்தம் என்றார்கள், மசக்கை மிச்சம் என்றார்கள், எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. இதே பையன் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வழி பூராவும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன். காரிலும், வெயில் நாளில் கண்ணாடி இறக்கிவிட்டுப் போனபோது ஒன்றும் ஆகவில்லை. மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போன இரண்டு நாளும்தான் தலைவலி. காரை விட்டு இறங்கி அரைமணி நேரம் காற்றாட உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. பித்தம் இப்படி மழை பார்த்து வருமா?

வீட்டுக்கு வந்ததும் பின் சீட்டுக்கு முன்னால் விரித்திருந்த ரப்பர் மிதியடியைத் தூக்கினேன். அதன் கீழே தேங்காய் நார் விரிப்பு. பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது. அதையும் தூக்கினால், காரின் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை! கீழே எங்கள் வாசல் கோலம் தெரிகிறது. இவர் படுத்துக் குனிந்து பார்த்தார். நேர் கீழே சைலன்ஸர் குழாயின் இணைப்பு. அதுவும் துருப்பிடித்து வாய் பிளந்திருந்தது.

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்று ஒரு வாயு இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் அதிகம். நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஒட்டிக்கொள்ளும்; பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக! அப்புறம் பிராணவாயுவுக்கு இடம் ஏது? தலைவலி, தலைசுற்றல், வாந்தி, தூக்கக் கலக்கம், மிஞ்சிப்போனால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகளையும் வயிற்றில் இருக்கிற சிசுவையும் சீக்கிரம் தாக்கும். காரில் பின்னால் உட்கார்ந்த குழந்தை அடிக்கடி சொக்கி விழுந்தால், 'சமர்த்தாத் தூங்குது' என்று விட்டுவிடாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, வெளிக்காற்றில் உட்கார வைத்து, டாக்டரிடம் போகவேண்டும். போய், "காரில் வரும்போது இப்படி ஆகிறது" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

மகளை மறுநாளே டாக்ஸியில் அழைத்துப் போய்க் காட்டினோம். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றுமில்லை. மாசியில் பேத்தி பிறந்தாள். ஆனால் அந்த ஒரு ராத்திரி நான் தூங்கவில்லை.

வீட்டில் பெரிய விவாதம். "காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றான் மகன். இவர் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது கார் இல்லையே, அவர் அப்பா உட்கார்ந்த இடம். அம்பாஸிடர் இனிமேல் புதிதாகக் கிடைக்கவும் கிடைக்காது. கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 2014-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். "ஒழுங்காச் செய்யமுடியும்னா செய்யுங்க. முடியாதுன்னா புள்ளைங்க அதில ஏறக்கூடாது" என்று மட்டும் நான் சொன்னேன்.

தஞ்சாவூரில் ஒரு வயதான டிங்கர் வந்து பார்த்தார். திருப்புளியின் முனையால் அங்கங்கே குத்தினார். குத்தின இடத்திலெல்லாம் உள்ளே போயிற்று! "அம்மா, லாரிக்குக் கீழே தனியாச் சட்டம் இருக்கும். இதுக்குக் கிடையாது. இந்தத் தகரக் கூடுதான் இதுக்கு எலும்பு. கதவுக்குக் கீழே ஓடுது பாருங்க பெட்டி மாதிரி, அது இத்துப் போச்சுன்னா வண்டி நடுவில தொய்ஞ்சிடும். பட்டி போட்டு மூடறது புண்ணை ஆத்தாம பவுடர் அடிக்கிற மாதிரி" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்துவிட்டது.

செய்த விதத்தைச் சொல்கிறேன். நீங்கள் வேலைக்கு விடும்போது இப்படித்தான் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பாட்டரியைக் கழற்றினார். சீட்டுகளையும் விரிப்புகளையும் வெளியே எடுத்தார். பின்னால் இருந்த பெட்ரோல் டாங்கை இறக்கித் தூரத்தில் வைத்த பிறகுதான் வெல்டிங் பக்கமே போனார். இதில் அவசரப்படுகிற ஷெட்டில் வண்டியை விடாதீர்கள். துருப்பிடித்த தகரத்தை, சுத்தமான வெள்ளை இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுத்தார். ஓட்டை உள்ளங்கையளவு இருந்தது, வெட்டியதோ சுளகளவு. அதே கனத்தில் புதுத் தகரம் வளைத்து வைத்து வெல்டிங். தைத்த இடங்களில் அடைப்புப் பசை, மேலே ரெட் ஆக்ஸைடு, அதற்குமேல் அடிப்பக்கத்துக்கென்று வருகிற தார் மாதிரியான பூச்சு. பெட்டி மாதிரிப் பாகங்களுக்குள்ளே ஓட்டை வழியாக மெழுகுக் கலவையைப் பீய்ச்சினார். சைலன்ஸரையும் குழாயையும் புதிதாகப் போட்டாயிற்று. முப்பத்தெட்டாயிரம் ஆயிற்று. பெயிண்டருக்குக் கொடுத்தது தனி.

முன்னாளில் பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடித்துவிடுவார்கள். இரும்புக்கு அது உதவினாலும் ரப்பர் பாகங்களை ஊற வைத்துவிடும். நம் தோலுக்கும் மண்ணுக்கும் அது நல்லதில்லை. மெழுகே போதும்.

துரு ஏன் நிற்காமல் தின்றுகொண்டே போகிறது என்று டிங்கரைக் கேட்டேன், சிரித்தார். என் மகன் விளக்கினான். இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. அலுமினியப் பாத்திரத்தின் மேல் படிகிற மெல்லிய படலம் அந்தப் பாத்திரத்தையே காப்பாற்றும். துரு அப்படிக் காப்பாற்றாது. அது பொறைபொறையாக, ரஸ்க் மாதிரி. ஈரத்தை உறிஞ்சி அடுத்த அடுக்குக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தையும் அடைக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது. வெளியே கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

இதில் உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் நாட்டில் பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெளியில் காயவிட்டு, எந்த ஊரில் எவ்வளவு அரிக்கிறது என்று எடைபோட்டுப் பார்த்து, அரிமானத்துக்கென்றே இந்தியப் படம் போட்டிருக்கிறார்கள். கடலோரம் போகப் போக அரிப்பு அதிகம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியைப் பார்த்தால் தெரியும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற எங்களுக்கு உப்பு எங்கிருந்து வந்தது? பொட்டாஷ் மூட்டையிலிருந்துதான்! அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குத் தங்கை முறை. மூட்டையிலிருந்து சிந்தின தூள் டிக்கியின் இண்டு இடுக்கில் போய் உட்கார்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறது. யூரியாவும் ஈரம் இழுப்பதில் சளைத்ததில்லை. இப்போது எங்கள் வீட்டில் உரமூட்டை காரில் ஏறாது. அவசரத்துக்கு ஏற்றினால் கீழே தார்ப்பாய், வந்ததும் தண்ணீர் விட்டு அலசல்.

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கிற பெரிய பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். 17-ம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்தது. இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்தே ஒட்டிச் செய்தது. ஏழரை மீட்டர் நீளம். வெயிலிலும் மழையிலும் இத்தனை வருஷம் கிடந்தும் மேலே பழுப்பேறியதோடு சரி. "அந்தக் காலத்து இரும்பு" என்று இவர் பெருமூச்சு விடுவார். இரும்பின் குணமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பீரங்கியின் கனம் என்ன, கார்த் தகரத்தின் கனம் என்ன? பீரங்கி ஒரு மில்லிமீட்டர் இழந்தால் யாருக்கும் தெரியாது. காருக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான் மொத்த உடம்பும்.

சின்னத் துருவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். எட்டணாக் காசு அளவு இருக்கிற வரைக்கும் எனக்கு டிங்கர் வேண்டாம். நல்ல வெயில் நாளாகப் பார்த்து உட்காருவேன். தை, மாசி சௌகரியம். பனி ஈரத்தில் பெயிண்ட் அடித்தால் அடியில் ஈரத்தை வைத்துத் தைத்த மாதிரிதான். கொப்புளத்தைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பேன், சுற்றிலும் ஒரு விரற்கடை நல்ல பெயிண்டையும் சேர்த்து. குழிக்குள் கறுப்புப் புள்ளி மிச்சம் இருந்தால் கடையில் கிடைக்கிற துருமாற்றும் திரவத்தைத் தொட்டு வைப்பேன். சில வகை, துருவைக் கன்னங்கரேலென்று ஆக்கும். அதில் இருப்பது டானின், நம் கடுக்காயில் இருக்கிறதே, அதே சரக்கு. கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு வருவதும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்துதான். அந்தக் காலத்தில் மை காய்ச்சினதும் இதை வைத்துத்தான். காய்ந்ததும் பிரைமர் இரண்டு தடவை, பெயிண்ட் இரண்டு தடவை. ஒவ்வொன்றும் நன்றாகக் காயவேண்டும்.

தேய்க்கும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். பழைய பெயிண்டிலும் செந்நிற பிரைமரிலும் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால்தான் நனைத்துத் தேய்ப்பது. உலர்ந்த தூள் பறக்கக்கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தேய்த்த தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டாமல் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

துருத் தகரம் கிழித்தால் 'தனுர்வாதம் வரும்' என்று அத்தை பயமுறுத்துவார். துருவுக்கும் அந்த நோய்க்கும் நேர்ச் சம்பந்தமில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமி ஆழமான காயத்துக்குள் போவதால் வருவது அது. ஆனால் எங்கள் ஊர்த் துருவில் மண்ணும் சாணமும் ஒட்டாமல் இருக்குமா? ஆகையால் அத்தை சொன்னதில் பாதி சரி. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் போடுகிற ஊசியையும் தவறவிடாதீர்கள். பிரசவத்தில் தாய்க்கும் சிசுவுக்கும் வந்துகொண்டிருந்த அந்த நோய் 2015-ல் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதென்று அறிவித்தார்கள் என்றால், அதில் இந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு.

வராமல் தடுக்க நான் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். அது வெளியேறத்தான் அந்த வழி. பதரும் தூசியும் அடைத்துக்கொண்டால் கதவு தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். தென்னை ஈர்க்குச்சியால் மாதம் ஒரு தடவை குத்திவிடுவேன். கம்பி விட்டால் உள்ளே பெயிண்ட் கீறும், ஈர்க்குச்சிதான் சரி. மட்கார்டின் உள்பக்கச் சேற்றை, காய்ந்து இறுகுமுன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவேன். விரிப்புகளை வெயிலில் போடுகிறேன், ஊறுகாய் ஜாடியோடு சேர்த்து! பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதில்லை. அது ஈரத்தை உள்ளே அடைத்து ஆவி பிடிக்க வைக்கும். நாலு பக்கமும் காற்றோட்டமான கீற்றுக் கொட்டகைதான் இப்போதும். மண் தரையாக இருந்ததை மட்டும் சிமெண்டு பூசிவிட்டோம், அடியிலிருந்து ஓதம் ஏறாமல் இருக்க.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2023-ல் கொண்டுபோனபோது அதிகாரி குனிந்து அடியைப் பார்த்துவிட்டு, "யாரு பாத்துக்கறது?" என்று இவரைக் கேட்டாராம். இவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எனக்குச் சொல்லவில்லை.

நேற்று துடைக்கும்போது டிக்கியின் இடது மூலையில் கடுகளவு ஒரு கொப்புளம் பார்த்தேன். வெயில் வரட்டும் என்று உப்புத்தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.